புகைமூட்டம் வருமா, விலகுமா? குறியீட்டோடு காற்றையும் மழையையும் பாருங்கள்

ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் நம் வீடுகளில் காலைப் பழக்கம் ஒன்று கூடிவிடும். கைப்பேசியைத் திறந்து, இன்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு எவ்வளவு என்று பார்ப்போம். ஐபியு என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் அந்த எண் 70 என்றால் பிள்ளையைத் திடலுக்கு அனுப்புகிறோம். 130 என்றால் வீட்டில் இருக்கச் சொல்கிறோம். வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் எண்ணைப் படம் பிடித்துப் போட, மற்றவர்கள் தங்கள் ஊர் எண்ணைப் போடுவார்கள்.

இந்தப் பழக்கம் நல்லதுதான். ஆனால், அந்த எண்ணை மட்டும் வைத்து நாளைக்கும் நாளை மறுநாளைக்கும் முடிவெடுக்க முடியாது. அது பெரும்பாலும் கடந்துபோன மணி நேரங்களின் கணக்கு. வரப்போகும் நாள்களின் காற்றைத் தீர்மானிப்பவை நான்கு: எங்கே தீ எரிகிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, மழை எப்படிப் பெய்கிறது, தரையை ஒட்டிய காற்று மேலே எழும்புகிறதா இல்லையா. இவற்றைத் தெரிந்துகொள்ள வானிலைப் பட்டம் தேவையில்லை. காலையில் வெளியே நின்று வேலை செய்கிறவர்களுக்கும் பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளைகளுக்கும்தான் இது முதலில் தெரிய வேண்டும்.

எண் எதைச் சொல்கிறது?

குறியீட்டின் படிநிலைகள் பலருக்கும் பழக்கமானவை. 50 வரை நல்லது. 51 முதல் 100 வரை மிதமானது. 101 முதல் 200 வரை உடல்நலத்துக்குக் கேடு. 201 முதல் 300 வரை மிகக் கேடு. 300-ஐத் தாண்டினால் ஆபத்து. 500-ஐத் தாண்டினால் அவசரநிலை அறிவிக்கலாம்.

புகைமூட்டக் காலத்தில் இந்த எண்ணைத் தூக்கிவிடுவது பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள். இதன் விட்டம் 2.5 மைக்ரோமீட்டரோ அதற்கும் குறைவோதான்; தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கும் தொண்டையும் இதைத் தடுத்து நிறுத்துவதில்லை. நுரையீரலின் அடிவரை போய், இரத்தத்திலும் கலக்கக்கூடியது. நம் நாட்டுக் குறியீட்டில் இந்தத் துகள் சேர்க்கப்பட்டதே 2018-இல்தான். அதற்கு முன் இதைவிடப் பெரிய துகளை வைத்துத்தான் கணக்கிட்டார்கள். ஆகவே பழைய ஆண்டுகளின் எண்ணையும் இன்றைய எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சரியாகாது.

முக்கியமான சங்கதி இனிமேல்தான் வருகிறது. சுற்றுச்சூழல் துறை மணிக்கொரு முறை எண்ணை வெளியிட்டாலும், நுண்துகளுக்கான கணக்கு 24 மணி நேரச் சராசரி. ஓர் உதாரணம் பார்ப்போம். நேற்று முழுவதும் காற்றில் கன மீட்டருக்கு 20 மைக்ரோகிராம் நுண்துகள் இருந்தது. விடியற்காலை 4 மணிக்குப் புகை வந்து, 7 மணி வரை 150 மைக்ரோகிராமாக நின்றது. இப்போது சராசரி எவ்வளவு? வெறும் 36. நீங்கள் மூச்சில் இழுப்பதோ 150. எண் உயர்ந்து சிவப்பாகும் முன்பே பிள்ளை பள்ளிக்குப் போய்விடும். தோட்டத்தில் பாதி வேலை முடிந்துவிடும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். மாலையில் நல்ல மழை பெய்து வானம் வெளுத்துவிட்டது. ஆனால் இரவு முழுவதும் எண் 140-லேயே நிற்கிறது. எந்திரம் கெட்டுப்போகவில்லை, மழைக்கு முந்திய மணி நேரங்கள் இன்னும் கணக்கில் இருக்கின்றன. சிங்கப்பூரில் 24 மணி நேரக் குறியீட்டோடு, ஒரு மணி நேர நுண்துகள் அளவையும் தனியாக வெளியிடுகிறார்கள். இப்போது வெளியே போகலாமா என்பதற்கு அந்த ஒரு மணி நேர அளவைப் பாருங்கள் என்பதே அங்கு சொல்லப்படும் அறிவுரை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாடு முழுவதும் அறுபதுக்கும் மேற்பட்ட கண்காணிப்பு நிலையங்கள் உள்ளன. தோட்டத்துக்கு அருகிலுள்ள நிலையம் பல கிலோமீட்டர் தள்ளி, ஏதோ ஒரு பட்டணத்தில் இருக்கலாம். அங்குள்ள எண் உங்கள் லயத்தின் எண்ணாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

தென்றலும் புகை சுமக்கும்

வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று வீசும் திசைக்கு ஒரு பெயர் வைத்த மொழி நம்முடையது. தெற்கிலிருந்து வருவது தென்றல். பாட்டில் அதற்கு நல்ல பெயர். மலாக்கா நீரிணையின் இந்தக் கரையில், ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருகிற காற்றுதான் சுமத்ராவின் புகையையும் கொண்டு வருகிறது.

வானிலை அறிக்கையில் ‘தென்மேற்குக் காற்று’ என்றால் தென்மேற்கிலிருந்து வீசும் காற்று என்று பொருள். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் வரைபடம் எளிதாகிவிடும். ரியாவ் மாநிலத்தில் தீ இருந்து, தென்மேற்குக் காற்று வீசினால் மலாக்கா, நெகிரி செம்பிலான், சிலாங்கூர் ஆகியவை தயாராக வேண்டும். காற்று மேற்கிலிருந்து நேராக வீசினால் அதே புகை மூவாருக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போகும். தீ இன்னும் தெற்கே, ஜம்பியிலோ தென் சுமத்ராவிலோ இருந்து, தெற்குக் காற்று வீசினால் சிங்கப்பூரும் ஜொகூரும்தான் முதலில் மாட்டும். காற்று தென்கிழக்குப் பக்கம் திரும்பினால் ரியாவின் புகை நீரிணை வழியாகப் பேராக், பினாங்கு வரை ஏறலாம். கலிமந்தான் புகை தெற்குக் காற்றில் சரவாக்கின் கூச்சிங், ஸ்ரீ அமான் பக்கம் போகும்.

தூரம் பெரிதல்ல. நீரிணையின் குறுகலான இடத்தில், போர்ட்டிக்சன் கரைக்கும் சுமத்ராவை ஒட்டிய ரூப்பாட் தீவுக்கும் நடுவில் இருப்பது சுமார் 40 கிலோமீட்டர் கடல். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று பத்து மணி நேரத்தில் 150 கிலோமீட்டர் கடந்துவிடும். அந்தப் பக்கம் மாலையில் எழும் புகை, இந்தப் பக்கம் நாம் பசியாறும் நேரத்தில் வந்து சேர்ந்துவிடலாம்.

காற்றின் திசை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் அவசரநிலைகளே சாட்சி. 2005 ஆகஸ்ட் 11-இல் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் குறியீடு 500-ஐத் தாண்டியதால் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இரண்டு நாளில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. 2013 ஜூன் 23-இல் மூவாரில் குறியீடு 746-ஐத் தொட்டது. மூவாருக்கும் லேடாங்குக்கும் அவசரநிலை. அதுவும் இரண்டு நாளில் நீங்கியது. அந்த இரண்டு நாளில் சுமத்ராவின் தீ முழுக்க அணைந்துவிடவில்லை. நம் தலைக்கு மேலே வீசிய காற்று மாறியது. 1997-இல் சரவாக்கில் குறியீடு 800-ஐத் தாண்டியபோது காற்று அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. அவசரநிலை செப்டம்பர் 19 முதல் 28 வரை நீடித்தது.

ஆகவே, எண் ஒரே நாளில் இறங்கிவிட்டால் ஆபத்து முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. தீ அங்கேயே இருந்தால், காற்று திரும்பும் நாளில் புகையும் திரும்பும்.

விடியற்காலையில் விழும் மூடி

நம் தோட்டப்புற மக்களுக்கு முக்கியமானது இது. பகலில் வெயில் தரையைச் சூடாக்கும். சூடான காற்று மேலே எழும். புகையையும் தூக்கிக்கொண்டு போய்க் கலைத்துவிடும். இரவில் தரை குளிர்ந்ததும் தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து, கீழேயே படுத்துவிடும். அதற்கு மேலே சற்றுச் சூடான காற்று ஒரு மூடியைப் போல நிற்கும். பானைக்குள் அடைபட்ட ஆவி போல, புகை வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். காற்றே வீசாத தெளிந்த இரவுகளில் இந்த மூடி இறுக்கமாக இருக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கு, கிந்தா பள்ளத்தாக்கு போன்ற தாழ்வான இடங்களில் இன்னும் மோசம்.

மூவாரில் 746 பதிவானது காலை 7 மணிக்கு என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். அந்த நேரத்தில் யார் வெளியே இருக்கிறார்கள்? பால்மரம் சீவுகிறவர்கள் அதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். செம்பனைத் தோட்டத்தில் பெரட்டு முடிந்து ஆள்கள் காட்டுக்குள் போய்க்கொண்டிருக்கிறார்கள். குழந்தைகள் ஆயாக்கொட்டகைக்கும் பள்ளிக்கும் நடக்கிறார்கள். பட்டணத்தில் மோட்டார் சைக்கிளில் ஆலை வேலைக்குப் போகிறவர்கள் சாலையில் இருக்கிறார்கள். காற்று பெரும்பாலும் மோசமாக இருக்கும் நேரமும் நம் மக்கள் வெளியே இருக்கும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன.

இதற்கு விதிவிலக்கு உண்டு. தூரத்திலிருந்து உயரமான காற்றில் வந்த புகை, பகலில் காற்று கலங்கும்போது கீழே இறங்கி, மதியத்தில் எண்ணை உயர்த்தலாம். ஆனால் புகை ஏற்கெனவே வந்து தங்கிவிட்ட நாள்களில், காலை பத்து மணிக்கு முன்புள்ள நேரமே பெரும்பாலும் கெட்ட நேரம்.

எந்த மழை காப்பாற்றும்?

“ஒரு மழை வந்தால் சரியாகிவிடும்” என்று சொல்லாதவர் இல்லை. எந்த மழை என்பதுதான் கேள்வி.

தென்மேற்குப் பருவத்தில் சில நாள்களில் விடியலுக்கு முன் பலத்த காற்றோடு இடியும் மழையும் நீரிணையைக் கடந்து மேற்குக் கரையைத் தாக்கும். சுமத்ரா சூறைக்காற்று என்று இதைச் சொல்வார்கள். கூரையைப் பிடுங்கினாலும், இது புகையை அள்ளிக்கொண்டு போய்ப் புதுக் காற்றைக் கொண்டு வந்துவிடும். ஓரிடத்தில் மட்டும் அரை மணி நேரம் கொட்டும் மாலை மழை அந்த ஊருக்கு ஒரு நாள் ஆறுதல் தரும், அவ்வளவுதான்.

தீயை அணைக்கும் மழை, தீ இருக்கும் இடத்தில் பெய்ய வேண்டும். அதுவும் நாள் கணக்கில் பெய்ய வேண்டும். சுமத்ராவிலும் கலிமந்தானிலும் எரிவது பெரும்பாலும் கரிச் சதுப்பு நிலம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இலையும் மரமும் மட்காமல் நீருக்குள் படிந்து உருவான மண். சில இடங்களில் பல மீட்டர் ஆழம். வேளாண்மைக்காகக் கால்வாய் வெட்டி நீரை வடித்ததும், அந்த மண் காய்ந்து விறகாகிவிடுகிறது. தீ மேலே தெரியாமல் அடியில் புகைந்துகொண்டே போகும். மேலே பெய்யும் ஒரு மழை அடியில் இருக்கும் கங்கை எட்டாது. இந்தோனேசியா தன் விதிமுறையில், இத்தகைய நிலத்தின் நீர்மட்டம் தரைக்குக் கீழே 40 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது என்று வைத்திருப்பது இதனால்தான்.

இந்த மண் அக்கரையில் மட்டும் இல்லை. கிள்ளானில் ஜொஹான் செத்தியா, கோல லங்காட், சரவாக்கில் மிரி வட்டாரம் ஆகிய இடங்களிலும் இருக்கிறது. அக்கம்பக்கத்து ஊர்களில் எண் சாதாரணமாக இருக்க, ஜொஹான் செத்தியாவில் மட்டும் சிவப்பாகும் நாள்கள் உண்டு. அப்போது புகை சுமத்ராவிலிருந்து வரவில்லை. நம் கொல்லைப்புறத்திலிருந்தே வருகிறது.

செயற்கை மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வானிலைத் துறையும் ஆகாயப் படையும் சேர்ந்து மேகத்தில் உப்பு தூவுகின்றன. அது ஏற்கெனவே திரண்டிருக்கும் மேகத்தைத் தூண்டிவிடும் முயற்சி. மேகமே இல்லாத வானத்திலிருந்து அதனால் மழையை வரவழைக்க முடியாது. புகைமூட்டம் கடுமையாக இருக்கும் வறண்ட நாள்களில்தான் மேகமும் குறைவு.

தூரத்துப் புயலும் கடல் சூடும்

பிலிப்பைன்ஸ் பக்கம் புயல் என்ற செய்தியை நாம் கடந்து போய்விடுகிறோம். ஆனால் அந்தப் புயல் சுற்றுப்புறக் காற்றைத் தன் பக்கம் இழுக்கும். நீரிணையின் மேல் தென்மேற்குக் காற்று வலுப்பெறும். நம் வானத்தில் மேகம் குறைந்து வறட்சி கூடும். தீ இருக்கும் காலத்தில் இப்படி நடந்தால், அடுத்த சில நாளில் புகை வரும் வாய்ப்பு அதிகம்.

பருவம் முழுவதற்கும் பார்க்க வேண்டியது எல் நினோ. பசிபிக் கடலின் நடுப்பகுதியும் கிழக்கும் சூடாகும் ஆண்டுகளில் நம் வட்டாரத்தில் மழை குறையும். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம் சூடாகி, சுமத்ராவை ஒட்டிய கடல் குளிரும்போதும் இதே விளைவுதான். 1997, 2015 ஆகிய எல் நினோ ஆண்டுகளிலும், இந்தியப் பெருங்கடல் அவ்வாறு மாறிய 2019-லும் நாம் பட்டது நினைவிருக்கும். 2015-இல் புகை வாரக்கணக்கில் நீடித்ததற்கு, மழை நேரத்துக்கு வராததே பெரிய காரணம்.

வடக்கே உள்ளவர்களுக்கு இன்னொரு பருவமும் உண்டு. மார்ச், ஏப்ரல் மாதங்களில் தாய்லாந்து, லாவோஸ், மியன்மார் பக்கம் வயலும் காடும் எரியும்போது, பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகியவை புகையைச் சந்திக்கின்றன. அங்கே வடக்கிலிருந்து வரும் காற்றைத்தான் கவனிக்க வேண்டும்.

அடுத்த நான்கைந்து நாளை எப்படிப் பார்ப்பது?

தினமும் ஐந்து நிமிடம் போதும். சிங்கப்பூரில் இயங்கும் ஆசியான் சிறப்பு வானிலை மையம் வட்டாரத்தின் தீப்புள்ளிகளையும் புகையையும் காற்றின் திசையையும் ஒரே வரைபடத்தில் தினமும் வெளியிடுகிறது. முதலில் அதில் நமக்குக் காற்று வரும் பக்கத்தில் தீப்புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு நாள் புள்ளி குறைந்துவிட்டதென்று மகிழ வேண்டாம். மேகமோ அடர்ந்த புகையோ மறைத்தால் துணைக்கோளுக்குத் தீ தெரியாது. இரண்டு மூன்று நாள் போக்கைப் பாருங்கள்.

அடுத்து மெட்மலேசியாவின் முன்னறிவிப்பு. மழை இல்லாத நாள்கள் தொடர்ந்து மூன்றுக்கு மேல் போகிறதா, காற்று எந்தத் திசை என்று பாருங்கள். தீ, அதிலிருந்து நம் பக்கம் வீசும் காற்று, மழையின்மை ஆகிய மூன்றும் சேர்ந்துவிட்டால், இன்று எண் 60 என்றாலும் முகக்கவசம் வாங்கி வைத்துவிடுங்கள். இந்த மூன்றில் ஒன்று உடைந்தாலும் நிலைமை இலகுவாகும். கடைசியாக, காலையில் வெளியே பாருங்கள். வழக்கமாகத் தெரியும் குன்றோ நீர்த்தொட்டியோ தெரியவில்லை, புகை வாசம் அடிக்கிறது என்றால், எண் என்ன சொன்னாலும் உங்கள் மூக்கை நம்புங்கள்.

முகக்கவசம் என்றால் என்95 வகை. சாதாரணத் துணியும் ஈரக் கைக்குட்டையும் நுண்துகளைத் தடுக்காது. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருந்தையும் மருத்துவரின் ஆலோசனையையும் முன்கூட்டியே பெற்றுவிட வேண்டும். சன்னலைச் சாத்திவிட்டு உள்ளே சாம்பிராணியும் கொசுவர்த்தியும் ஏற்றினால் சாத்தியதற்குப் பயனில்லை. வீட்டுக்குப் பின்னால் குப்பையையும் சருகையும் கொளுத்துவது 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். மூடி விழுந்த காலையில் அந்தப் புகை போகுமிடம் பக்கத்து வீட்டுத் தொட்டில்தான்.

பெரட்டுக்களத்தில் யார் பார்ப்பது?

பள்ளிக்குத் தெளிவான எண் இருக்கிறது. 100-ஐத் தாண்டினால் வெளிப்புற நடவடிக்கை நிறுத்தம். 200-ஐத் தாண்டினால் பள்ளி மூடல். நாட்டில் உள்ள 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் கணிசமானவை தோட்டத்திலோ தோட்டத்தை ஒட்டியோ இருப்பவை. அங்கே பெற்றோர் ஆசிரியர் சங்கம் சராசரி எண்ணோடு காலைக் காற்றையும் பார்த்து, சபைகூடலை உள்ளே நடத்தச் சொல்லலாம்.

தோட்டத்து வேலைக்கு இப்படி எல்லாருக்கும் தெரிந்த ஓர் எண் பழக்கத்தில் இல்லை. குலைக் கணக்கிலும் டன் கணக்கிலும் சம்பளம் பெறுகிறவர், தானாக வீட்டில் தங்கினால் அன்றைய கூலி போய்விடும். நுரையீரலா, கூலியா என்று அவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது நியாயமில்லை. தமிழர்களோடு இன்று இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களும் அதே காட்டில் அதே புகையைத்தான் சுவாசிக்கிறார்கள்.

கேட்கக்கூடியவை பெரிய கோரிக்கைகள் அல்ல. கெட்ட காலைகளில் வேலையை இரண்டு மணி நேரம் தள்ளித் தொடங்குவது. கடினமான வேலையைக் குறைத்து மாற்று வேலை தருவது. நிர்வாகமே என்95 கவசம் வாங்கி வைப்பது. வேலை நின்ற நாளுக்கு அடிப்படைக் கூலி தருவது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த வேலையிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம், உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் உள்ள தொழிலாளி அந்த இடத்திலிருந்து விலகிக்கொள்ள உரிமை தருகிறது. புகையில் அந்த உரிமை எந்த அளவுக்குச் செல்லும் என்பதைத் தொழிற்சங்கங்கள் முன்கூட்டியே நிர்வாகத்தோடு பேசி, எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எண் 200-ஐத் தொட்ட பிறகு பேசுவதற்கு நேரம் இருக்காது.

தீயை நிறுத்தும் வேலை அரசாங்கங்களுடையது. ஆசியான் புகைமூட்ட ஒப்பந்தம் 2002-இல் நம் கோலாலம்பூரில்தான் கையெழுத்தானது. இந்தோனேசியா அதை ஏற்று உறுதிப்படுத்தியது 2014-இல். அதே ஆண்டில் சிங்கப்பூர், எல்லைக்கு வெளியே தீ வைத்துத் தன் நாட்டுக்குப் புகை அனுப்பும் நிறுவனங்களைத் தண்டிக்கச் சட்டம் இயற்றியது. இங்கே அப்படியொரு சட்டம் பற்றிப் பலமுறை பேசப்பட்டது; சட்டம் வரவில்லை. அக்கரையில் மலேசிய நிறுவனங்களுக்கும் செம்பனைத் தோட்டங்கள் உண்டு என்பதால், இந்தக் கேள்வியை நாம் இந்தோனேசியாவிடம் மட்டும் கேட்டுவிட்டு உட்கார முடியாது.

அதுவரை காற்றின் திசை நம் கையில் இல்லை. அது மாறப்போவதை ஒரு நாள் முன்னதாகத் தெரிந்துகொள்வது நம் கையில் இருக்கிறது. இன்று மாலை குழுவில் குறியீட்டைப் பகிரும்போது, நாளைக் காலைக் காற்று எந்தப் பக்கமிருந்து என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். விடியும் முன் மரம் சீவப் போகிறவருக்கு அந்த ஒரு வரி பயன்படும்.